ஓசையின்றிப் பழுதாகும் ஊட்டுப் பம்பு

அமெரிக்காவின் டாட்ஜ் ராம் பிக்கப் டிரக்குகளில் 1989 முதல் பொருத்தப்பட்டுவந்த கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் டீசல் எஞ்சின், 1998-ஆம் ஆண்டில் 12 வால்வுகளை விட்டு 24 வால்வுகளுக்கு மாறியது. வார்ப்பிரும்பு உடலும் ஆறு சிலிண்டர் அமைப்பும் ஏறத்தாழ அப்படியே இருக்க, எரிபொருளைச் செலுத்தும் முறை மட்டும் அடியோடு மாற்றப்பட்டது. அதன்பின் வந்த சில ஆண்டுகளில், எஞ்சினின் மிக விலையுயர்ந்த துணைக்கருவியான பீச்சுப் பம்பு செயலிழந்து பட்டறைக்கு வரும் வண்டிகள் பெருகின. பழி பெரும்பாலும் எஞ்சினின் இடப்பக்கத்தில் போல்ட்டால் இறுக்கப்பட்டிருந்த, கைக்குள் அடங்கும் ஒரு சிறிய மின்பம்பின் மீதே விழுந்தது. விந்தை என்னவென்றால், அந்தச் சிறிய பம்பு முழுவதுமாக நின்றுபோன பிறகும் பல வண்டிகளில் எஞ்சின் வழக்கம்போல் கிளம்பியது. சமதளச் சாலையில் வேகம் குறையாமல் ஓடியது. ஓட்டுநருக்கு எந்த ஐயமும் எழவில்லை. நின்றுபோன ஒரு பம்பு ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு பம்பை எப்படிக் கொல்ல முடியும் என்பதும், கொல்லும் வரை அது ஏன் வெளியே தெரியவில்லை என்பதும் விளங்கினால், டீசல் எஞ்சின்களின் நம்பகம் பற்றிய பொறியியலில் பாதி விளங்கிவிடும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை நெருக்கிச் சூடேற்றி, அந்தச் சூட்டில் எரிபொருளை மிக நுண்ணிய துளிகளாகப் பீச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும் என்பதே ருடால்ஃப் டீசலின் வழிமுறை. நெருக்குண்ட காற்றை எதிர்த்து எரிபொருள் உள்ளே புக வேண்டுமாயின் அது பன்மடங்கு கூடுதலான அழுத்தத்தில் வர வேண்டும். அந்த அழுத்தத்தை உண்டாக்குவது பீச்சுப் பம்பு, தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ‘எஃப்.ஐ.பி.’ என வழங்குவது. எரிபொருள் தொட்டியிலிருந்து டீசலை இழுத்து, வடிகட்டி வழியாகத் தள்ளி, பீச்சுப் பம்பின் வாசலில் சேர்ப்பது மட்டுமே இன்னொரு சிறிய பம்பின் வேலை. அதைப் பட்டறைகள் ‘ஃபீட் பம்ப்’ என்கின்றன. இக்கட்டுரை அதனை ஊட்டுப் பம்பு என்று குறிக்கிறது. இரண்டுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு பெரிது. மேற்சொன்ன 24 வால்வு எஞ்சினில் ஊட்டுப் பம்பு நல்ல நிலையில் தரும் அழுத்தம் 10 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை, அதாவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இன்னொரு வளிமண்டலத்தைத் தொடும் அளவு மட்டுமே. பீச்சுப் பம்போ அதைப்போல் பல நூறு மடங்கு அழுத்தத்தில் இயங்குகிறது. எனவே ஊட்டுப் பம்பின் பங்களிப்பு பொருட்படுத்தத் தக்கதல்ல என்று தோன்றுவது இயல்பே. அந்தத் தோற்றம் தவறானது. ஏனெனில் அதன் பணி அழுத்தம் கூட்டுவது மட்டுமன்று.

1998-இல் வந்த பீச்சுப் பம்பு, பாஷ் நிறுவனத்தின் வி.பி.44 என்ற மின்னணுக் கட்டுப்பாட்டுச் சுழல் பம்பு. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகள் இதே எஞ்சினில் இருந்தது அதே நிறுவனத்தின் பி7100 என்ற வரிசைப் பம்பு. புகைவிதிகள் இறுகிவந்த காலத்தில், டீசல் பீச்சப்படும் கணத்தை ஓட்டத்துக்கேற்ப நொடிக்கு நொடி முன்பின்னாக மாற்றும் வசதி தேவைப்பட்டதால் மின்னணுப் பம்புக்கு மாற வேண்டியதாயிற்று. இந்த மாற்றத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வேறுபாடு ஒளிந்திருக்கிறது. பி7100 பம்பின் உள்ளே சுழலும் நெம்புருள் (கேம்) தண்டு எஞ்சின் எண்ணெயில் குளித்துக்கொண்டிருந்தது. டீசல் குறைந்தால் இழுவிசை குறையுமே தவிர அந்தத் தண்டுக்குத் தீங்கில்லை. வி.பி.44-க்கு எஞ்சின் எண்ணெய் கிடையாது. அதன் சுழலி, உருளைகள், பீச்சும் நேரத்தை நகர்த்தும் சிறு பிஸ்டன் ஆகிய அனைத்துக்கும் மசகு டீசலே. அதன் தலையில் ஏற்றிவைக்கப்பட்டிருக்கும் மின்னணுப் பெட்டியின் சூட்டைக் கொண்டுசெல்வதும் டீசலே. ஊட்டுப் பம்பு அனுப்பும் டீசலில் ஒரு பகுதிதான் சிலிண்டரில் எரிகிறது. மிகுதி பம்பின் உள்ளே சுற்றி, சூட்டையும் நுண்துகள்களையும் அள்ளிக்கொண்டு தொட்டிக்குத் திரும்புகிறது. ஆக, ஊட்டுப் பம்பு எரிபொருள் வழங்கியாக மட்டுமன்றி எண்ணெய்ப் பம்பாகவும் குளிர்விப்புப் பம்பாகவும் ஒரே நேரத்தில் இருக்கும்படி வடிவமைப்பு மாறியது. ஆனால் அதன் பெயரும் மதிப்பும் மாறவில்லை.

அடுத்த கேள்வி, அந்த ஊட்டுப் பம்பு ஏன் அவ்வளவு எளிதில் நலிந்தது என்பது. பம்பின் உள்ளே பார்த்தால் குற்றம் சொல்ல அதிகமில்லை. உருளை வடிவ அறைக்குள் சற்றே மையம் விலகிச் சுழலும் ஒரு சுழலி, அதன் பிளவுகளில் வெளியும் உள்ளும் நழுவும் தகடுகள், அவற்றைச் சுழற்ற டீசலிலேயே மூழ்கியிருக்கும் ஒரு சிறு மின்மோட்டார், அதற்கு மின்சாரம் தரும் கரித்துண்டுகள் (கார்பன் பிரஷ்) ஆகியவையே அதன் உறுப்புகள். இத்தகைய தகட்டுப் பம்புகள் டீசலைத் தள்ளுவதில் வல்லவை. இழுப்பதில் அவ்வளவாக அல்ல. கிணற்று மேட்டில் வைத்த மோட்டாருக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கும் நீர்மூழ்கி மோட்டாருக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. மேட்டில் நிற்கும் மோட்டார் உண்மையில் நீரை இழுப்பதில்லை; குழாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியே கிணற்று நீரின் மீது அமர்ந்திருக்கும் வளிமண்டலம்தான் நீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. வளிமண்டலத்தின் வலிமை சுமார் 10 மீட்டர் நீர்மட்டத்துக்கு மேல் போகாது என்பதை இத்தாலியக் கிணற்றுப் பம்புகள் கற்றுக்கொடுத்ததைக் கலிலியோ 1638-இல் எழுதினார். சில ஆண்டுகளில் டாரிசெல்லி பாதரசக் குழாயைக் கவிழ்த்துவைத்து அதன் காரணத்தைக் காட்டினார். நீர்மூழ்கி மோட்டாருக்கு இந்த வரம்பு இல்லை, ஏனெனில் அது நீருக்குள்ளிருந்தே மேல்நோக்கித் தள்ளுகிறது. டிரக்கில் எஞ்சினோடு இறுக்கப்பட்ட ஊட்டுப் பம்பு மேட்டு மோட்டாரின் நிலையில் இருக்கிறது. தொட்டியோ வண்டியின் பின்பகுதியில், நீண்ட குழாயின் மறுமுனையில் கிடக்கிறது.

ஆனால் இந்த ஒப்புமையை ஒரு கட்டத்தில் கைவிட வேண்டும். கிணற்றில் எதிரி உயரம். டிரக்கில் உயரம் ஒரு பொருட்டே அல்ல. தொட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையே ஒரு மீட்டர் உயர வேறுபாடு இருந்தால்கூட அது தின்னும் அழுத்தம் சுமார் 1.2 பி.எஸ்.ஐ. மட்டுமே. உண்மையான எதிரி உராய்வு. நீரைவிடச் சில மடங்கு பாகுநிலை கொண்ட டீசல் குறுகிய குழாயில் ஓடும்போது எதிர்ப்பு வியக்கத்தக்க வேகத்தில் ஏறுகிறது. சீராக ஓடும் நீர்மத்தில், குழாயின் உள்விட்டம் பாதியானால் அதே அளவு நீர்மத்தைக் கடத்தப் பதினாறு மடங்கு அழுத்த வேறுபாடு தேவை என்பதைப் பிரெஞ்சு மருத்துவரான பொய்சூய் 1840-களில், இரத்தம் நுண்குழாய்களில் ஓடுவதைப் புரிந்துகொள்ள முயன்ற ஆய்வுகளின் வழியே, அளந்து காட்டினார். டிரக்கின் எரிபொருள் வழியில் இத்தகைய இறுக்கங்கள் பல. தொட்டிக்குள் அழுக்கைத் தடுக்கும் வலை, குழாய்களின் வளைவுகள், எல்லாவற்றுக்கும் மேலாக ‘பேஞ்சோ போல்ட்’ எனப்படும் துளையிட்ட போல்ட்டுகள். டீசல் அந்தப் போல்ட்டின் பக்கவாட்டுத் துளையில் நுழைந்து, செங்கோணத்தில் திரும்பி, நடுத்துளை வழியே வெளியேற வேண்டும். போல்ட்டின் வலிமைக்காகத் துளையைச் சிறிதாக்கினால் ஓட்டம் நெரிபடும். இழுக்கும் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு இறுக்கமும், கையிருப்பிலுள்ள ஒரே வளிமண்டலத்திலிருந்து ஒரு பங்கைக் கழித்துக்கொள்கிறது.

கழிக்கப்படும் அந்தக் கையிருப்பும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலைத்தொடரைக் கடக்கும் ஐசன்ஹோவர் சுரங்கச்சாலை கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே வளிமண்டல அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே. இழுவண்டியைப் பூட்டிக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏறும் டிரக்குக்கு டீசல் தேவை உச்சத்தில் இருக்கும்போதுதான், டீசலைக் குழாய்க்குள் தள்ளித்தர வேண்டிய காற்று மிகவும் மெலிந்து நிற்கிறது.

குழாய்க்குள் அழுத்தம் தாழ்ந்தால் என்ன கேடு என்று வினவலாம். டீசல் அவ்வளவு எளிதில் ஆவியாவதில்லை. எனவே பெட்ரோலைப்போல், ஆவி குழாயை அடைத்து ஓட்டத்தை நிறுத்தும் ஆவிப்பூட்டு ஏற்படாது. கேடு வேறொரு வழியாக வருகிறது. எல்லா நீர்மங்களையும்போல் டீசலும் காற்றைக் கரைத்து வைத்திருக்கிறது, அதுவும் தன் கொள்ளளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அளவுக்கு. ஒரு நீர்மம் தாங்கும் வாயுவின் அளவு அதன் மீதுள்ள அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது 1803-இல் வில்லியம் ஹென்றி கண்ட விதி. ஆகவே இழுப்புக் குழாயில் அழுத்தம் பாதியாகக் குறையும்போது, கரைந்திருந்த காற்றில் கணிசமான பகுதி குமிழிகளாகப் பிரிந்துவிட இடமுண்டு. மீண்டும் அழுத்தம் கூடினால் அந்தக் குமிழிகள் கரையும்தான், ஆனால் கரைவதற்குப் பிரிவதைவிட அதிக நேரம் ஆகும். அதற்குள் அவை பம்பின் அறைக்குள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. திடீரென நெருக்கப்படும் குமிழி உலோகப் பரப்பின் அருகே சுருங்கி உடையும்போது அந்தப் பரப்பில் நுண்குழிகளைத் தோண்டுகிறது. இதனைக் குமிழரிப்பு எனலாம். அதைவிட முக்கியமாக, சில மைக்ரான் இடைவெளியில் உரசிச் செல்லும் இரு எஃகுப் பரப்புகளுக்கு இடையே டீசல் படலம் இருக்க வேண்டிய இடத்தில் காற்று புகுந்தால், உலோகம் உலோகத்தைத் தொடுகிறது.

எஞ்சின் ஏன் நிற்கவில்லை என்ற புதிரின் விடை வி.பி.44-இன் உள்ளேயே இருக்கிறது. அதனுள் சொந்தமாக ஒரு தகட்டுப் பம்பு உண்டு; வெளியே உள்ள ஊட்டுப் பம்பு செத்துப்போனாலும், உள்பம்பு அதன் வழியாகவே டீசலை இழுத்துக்கொள்கிறது. சமதளத்தில் எரிக்கத் தேவையான டீசல் கொஞ்சமே என்பதால் அதற்கு அது போதும். சூட்டைச் சுமந்துகொண்டு தொட்டிக்குத் திரும்ப வேண்டிய மிகுதி டீசல்தான் இல்லாமற்போகிறது. எரிவதற்கு உள்ளது, மசகுக்கும் குளிர்ச்சிக்கும் இல்லை. இழுவிசை மட்டுமே ஓட்டுநரின் கால் அறியும் அளவுகோல் என்பதால் அவருக்கு எதுவும் தெரிவதில்லை. பல வாரங்களுக்குப் பின் கணினி ‘பி 0216’ என்ற பழுதுக் குறியைக் காட்டும்; பீச்சும் நேரத்தை நகர்த்தும் பிஸ்டன், கணினி சொன்ன இடத்துக்கு நகரவில்லை என்பது அதன் பொருள். அந்தக் குறி தோன்றும்போது பிஸ்டனும் அதன் உறையும் ஏற்கெனவே தேய்ந்துபோயிருக்கும். ஆகவே அதை எச்சரிக்கை என்று கூறுவதைவிட மரணச் சான்றிதழ் என்று கூறுவதே பொருந்தும். முந்தைய 12 வால்வு எஞ்சினில் நெம்புருள் தண்டால் இயக்கப்பட்ட இயந்திர ஊட்டுப் பம்பும் பழுதாகாமல் இருந்ததில்லை. ஆனால் அது பழுதானால் வண்டி இழுக்காது, அல்லது டீசல் கசிந்து தரையில் சொட்டும். அதன் நோய் மறைந்து வளரக்கூடியதன்று.

இதையெல்லாம் பொறியாளர்கள் எவ்வாறு அறிந்தனர் என்பதும் கவனிக்கத் தக்கது. முதற்கருவி மிக எளியது: ஊட்டுப் பம்புக்கும் பீச்சுப் பம்புக்கும் இடையே ஓர் அழுத்தமானி. வண்டி தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்த மானி பொருத்தப்படவில்லை என்பதே, பம்பின் தரத்தைக் காட்டிலும் பெரிய வடிவமைப்புக் குறை என்று கொள்ள இடமுண்டு. மானியைப் பொருத்துவதிலும் நுணுக்கம் உள்ளது. பீச்சுப் பம்பு விட்டுவிட்டு டீசலை விழுங்குவதால் குழாயில் எழும் துடிப்பு மானியின் முள்ளை ஓயாமல் நடுங்கச் செய்து விரைவில் பழுதாக்கும். அதனால் நடுவே ஓர் ஊசிவால்வை வைத்து, முள் நடுங்காமல் நகரும் அளவுக்கு மட்டும் திறப்பது வழக்கம். எஞ்சின் வெறுமனே ஓடும்போது 12 பி.எஸ்.ஐ. காட்டும் மானி, சுமையோடு ஏற்றத்தில் முழு வேகத்தில் ஏறும்போது சுழியத்தை நெருங்கலாம். பட்டறையில் வண்டியை நிறுத்திவைத்துச் சோதித்த பலர் பம்பு நன்றாக இருப்பதாக முடிவு கட்டியதற்கு இதுவே காரணம். அழுத்தமும் ஓட்டமும் வெவ்வேறு. போகும் வழி முற்றிலும் அடைபட்டிருந்தால்கூடப் பம்பு நல்ல அழுத்தத்தைக் காட்டும். அதற்காகவே இன்னொரு சோதனை: ஸ்டார்ட்டரை ஒரு கணம் தட்டிவிட்டால் எஞ்சின் கிளம்பாமலேயே ஊட்டுப் பம்பு மட்டும் சுமார் 25 விநாடி ஓடும்படி கணினி அமைக்கப்பட்டிருந்தது, அந்த நேரத்தில் குழாயைக் கழற்றி அளவுக் குடுவையில் பிடித்தால் ஓட்டம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். ஒளி ஊடுருவும் சிறு குழாய்த்துண்டு ஒன்றை இடையில் செருகினால் குமிழிகளையே கண்ணால் காணலாம்.

டீசலின் மசகுத் திறனை அளக்கவும் ஒரு முறை உள்ளது. அமெரிக்காவில் நெடுஞ்சாலை டீசலில் கந்தகத்தின் அளவு 1993-இல் 500 பி.பி.எம். ஆகவும், 2006 முதல் 15 பி.பி.எம். ஆகவும் குறைக்கப்பட்டது. மசகுத் திறன் குறைந்ததற்குக் கந்தகம் போனதே காரணம் என்று பரவலாக நம்பப்படுவது முழு உண்மையன்று; கந்தகத்தை நீக்க டீசலை ஹைட்ரஜனோடு வினைப்படுத்தும்போது, உலோகத்தில் ஒட்டிக்கொண்டு படலமாக நிற்கக்கூடிய வேறு சில மூலக்கூறுகளும் சேர்ந்தே அழிந்துபோகின்றன என்பதே காரணம். சோதனையில் ஓர் எஃகு உருண்டையை எஃகுத் தகட்டின் மீது அழுத்தி, 60 பாகை வெப்ப டீசலில் மூழ்கவைத்து, ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்கு நொடிக்கு 50 முறை வீதம் 75 நிமிடம் முன்னும் பின்னும் உரசுகிறார்கள். பின்னர் உருண்டையில் விழுந்த தழும்பின் அகலத்தை நுண்ணோக்கியில் அளக்கிறார்கள். அமெரிக்கத் தரவிதி 520 மைக்ரான் வரை ஏற்கிறது. ஐரோப்பிய விதி 460-க்கு மேல் ஏற்பதில்லை.

பழுதுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு பம்பை எடைபோடுவதில் பொறி உண்டு. பட்டறைக்கு வருவது பழுதான வண்டிதான். பழுதாகாமல் ஓடிக்கொண்டிருப்பவை எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. சுவீடன் பொறியாளர் வலோடி வெய்புல் 1951-இல் வெளியிட்ட கட்டுரையால் புகழ்பெற்ற புள்ளியியல் முறை இந்தச் சிக்கலைத் தீர்க்க உதவுகிறது. பழுதான பம்புகளின் வயதோடு, இன்னும் பழுதாகாதவற்றின் வயதும் அதில் ஒரு சான்றாகச் சேர்த்துக்கொள்ளப்படுகிறது. இத்தரவிலிருந்து கிடைக்கும் எண்களில் ஒன்றான ‘வடிவ எண்’ மிகவும் சுவையானது. அது ஒன்றுக்குக் கீழே இருந்தால் பழுதுகள் இளவயதில் குவிகின்றன, அதாவது உற்பத்தியிலோ பொருத்துவதிலோ குறை. ஒன்றாக இருந்தால் பழுது வயதைப் பாராமல் வருகிறது, தொட்டியில் விழுந்த அழுக்கைப்போல். ஒன்றுக்கு மேலே இருந்தால் தேய்மானமே காரணம். இதன் பயன் நடைமுறையில் பெரிது. தேய்மானத்தால் சாகும் பம்பைக் குறித்த கிலோமீட்டரில் முன்கூட்டியே மாற்றினால் பலன் உண்டு. வடிவ எண் ஒன்றாகவோ அதற்குக் கீழாகவோ இருந்தால், நன்றாக ஓடும் பழைய பம்பைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவது வீண்செலவு. இளவயதுப் பழுது மிகுந்த பம்பாக இருந்தால் அது கூடுதல் ஆபத்தும்கூட. கரித்துண்டும் தகடும் தேய்ந்து ஊட்டுப் பம்பு சாகிறது என்றாலும், தேய்மானத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது அது பட்டுக்கொண்டிருக்கும் சூடும், அதிர்வும், இழுப்பின் சுமையும். அதே இடத்தில் புதியதை மாட்டினால் அதே வளைகோடு முதலிலிருந்து தொடங்குகிறது.

ஊட்டுப் பம்பு இன்றியமையாததா என்ற கேள்விக்கு, திட்டமிடாமலேயே நடந்த ஒரு பரிசோதனை விடை சொல்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 2001-இல் தன் டிரக்குகளில் கொண்டுவந்த டியூராமேக்ஸ் டீசல் எஞ்சினில் ஊட்டுப் பம்பே இல்லை; பாஷ் சி.பி.3 உயரழுத்தப் பம்பின் பின்புறத்திலிருந்த பற்சக்கரப் பம்பே தொட்டியிலிருந்து டீசலை இழுத்துக்கொண்டது. அந்தப் பம்பு இந்தப் பட்டினியைப் பெரும்பாலும் தாங்கிக்கொண்டது. 2011-இல் அதே இடத்தில் சி.பி.4 என்ற இலகுவான பம்பு வந்தபோதும் ஊட்டுப் பம்பு சேர்க்கப்படவில்லை. இப்பம்பில் நெம்புருளின் மீது ஓடும் உருளை, தன் அச்சில் சற்றே திரும்பிவிட்டால் உருள்வதை விட்டு உரசத் தொடங்குகிறது. உரசினால் எழும் உலோகத்தூள் எரிபொருள் வழி முழுவதும் பரவி, பீச்சுமுனைகள்வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டிய நிலைக்குக் கொண்டுவருகிறது. காற்றுக் குமிழிக்கும் மசகுத் திறன் குறைந்த டீசலுக்கும் அதன் சகிப்பு குறைவு. ஊட்டுப் பம்பு இருந்த வண்டிகளிலும் சி.பி.4 பழுதானது உண்டு என்பதால் பழி முழுவதையும் ஊட்டுப் பம்பின் இன்மை மீது சுமத்த முடியாது. 2019, 2020 மாடல் ராம் டிரக்குகள் சி.பி.4-ஐ நீக்கிப் பழைய சி.பி.3-ஐப் பொருத்துவதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. இருப்பினும் 2017-இல் டியூராமேக்ஸ் மறுவடிவம் பெற்றபோது அதன் தொட்டிக்குள் ஊட்டுப் பம்பு இடம்பெற்றது.

கம்மின்ஸ் எஞ்சின் கொண்ட டிரக்குகளும் அதற்கு முன்பே அவ்வழியில் திரும்பியிருந்தன. 2003-இல் வி.பி.44 போய்ப் பொதுக்குழல் (காமன் ரெயில்) முறை வந்த பிறகும் ஊட்டுப் பம்பு ஓரிரு ஆண்டுகள் எஞ்சின் அருகிலேயே, வடிகட்டிக் கூட்டின் மீது இருந்தது. 2005 வாக்கில் அது தொட்டிக்குள் இறக்கப்பட்டது. அங்கே அது சூடான எஞ்சினிலிருந்து விலகி, டீசலில் மூழ்கி, இழுக்காமல் தள்ளுகிறது. விலை இல்லாமலும் இல்லை. தொட்டியில் டீசல் தாழ்ந்தால் பம்பைக் குளிர்விக்கும் டீசலும் தாழ்கிறது, திரும்பிவரும் சூடான டீசல் கலக்க இடமும் சுருங்குகிறது; பழுதானால், எஞ்சின் மூடியைத் திறந்து இரண்டு குழாய்களைக் கழற்றினால் போதும் என்றிருந்த வேலைக்கு இப்போது தொட்டியைக் கீழே இறக்கவோ, வண்டியின் பின்பெட்டியைத் தூக்கவோ வேண்டியிருக்கிறது.